கேமரா முன்னால் சொந்தக் கதை சொல்லிப் பழகுவது எப்படி? எனக்குப் பேச்சுப்போட்டி மாதிரி ஆகிவிடுகிறது

முந்திரிக்காடு (மஞ்சக்குப்பம், கடலூர்)

எல்லாருக்கும் வணக்கம். பிறந்தது பண்ருட்டிப் பக்கம், கல்யாணமாகி வந்தது மஞ்சக்குப்பம். அம்மா வீட்டில் உடைக்கும் முந்திரிப் பருப்பை இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் விற்கிறேன். விலை, எடை, கூரியர் விவரம் என்று போட்டுக்கொண்டிருந்தவரை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு நாள் பார்சல் கட்டிக்கொண்டே, "கொட்டை உடைச்சு உடைச்சு எங்க அம்மாவுக்குக் கை ரேகையே தேஞ்சுபோச்சு, ரேஷன் கடை மெஷின் விரலை எடுக்க மாட்டேங்குது" என்று மகளிடம் பேசியதை அவள் படம் பிடித்துப் போட்டுவிட்டாள். அதற்குக் கீழே முன்பின் தெரியாதவர்கள் அவரவர் அம்மாவைப் பற்றி எழுதினார்கள். பீடி சுற்றிய அம்மா, உப்பளத்தில் நின்ற அம்மா, மீன் கூடை சுமந்த அம்மா. ஆர்டரும் வந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை.

இப்போது எல்லாரும் "உன் கதையைச் சொல், உன் கதையைச் சொல்" என்கிறார்கள். ஸ்டாண்டில் போனை மாட்டி உட்கார்ந்தால், "அனைவருக்கும் வணக்கம், இன்று நான் உங்களோடு பகிர்ந்துகொள்ள இருப்பது" என்றுதான் வாய் ஆரம்பிக்கிறது. இதற்குப் பயிற்சி என்று ஏதாவது இருக்கிறதா? அப்புறம், எதையெல்லாம் சொல்லலாம், எதை விட்டுவிட வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கெடிலக்கரை (திருப்பாதிரிப்புலியூர்)

முதலில் அந்த ஸ்டாண்டை மடித்து உள்ளே வையுங்கள். உங்கள் மகளிடம் பேசியது எடுபட்டதற்குக் காரணம், நீங்கள் ஒருத்தியிடம் பேசினீர்கள். கேமரா முன்னால் உட்கார்ந்ததும் ஊரையே கூட்டி வைத்துப் பேசுகிறீர்கள்.

நான் சமையல் பக்கம் நடத்துகிறேன். எனக்கு உதவியது வாட்ஸ்அப் வாய்ஸ் நோட். உங்கள் தொழில் தெரியாத தோழி ஒருத்திக்கு, "உனக்கு ஒண்ணு சொல்லணும்டி" என்று தொடங்கி முழுக் கதையையும் அனுப்புங்கள். மறுநாள் நீங்களே அதைக் கேளுங்கள். "அன்னைக்கு என்னாச்சுன்னா" என்று ஓர் இடத்தில் குரல் மாறும். கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது. அதற்கு முன்னால் சொன்ன அத்தனையும் தொண்டையைச் செருமிக்கொண்டது. வெட்டிவிடலாம்.

எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள். முதல் வரியும் கடைசி வரியும் மட்டும் தெரிந்தால் போதும். நடுவில் நடந்ததுதான் உங்களுக்கே தெரியுமே.

துறைமுகத்தான் (கடலூர் முதுநகர்)

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தங்கச்சி தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம் எங்கள் பக்கத்துக் குப்பங்களுக்குக் கேமராவோடு வந்தவர்களை நிறையப் பார்த்தாயிற்று. "அழுங்கம்மா" என்று வாய்விட்டுச் சொல்லாததுதான் குறை. யார் நன்றாக அழுதார்களோ அவர்கள் வீட்டுக்கே மறுபடி மறுபடி ஆள் வந்தது. வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவர்கள் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்த்ததிலிருந்து "உன் கதையைச் சொல்" என்று யாராவது சொன்னாலே எனக்கு எரிச்சல்.

பருப்பு முழுசாக, பூச்சி இல்லாமல், மொறுமொறுப்பாக இருந்தால் வாங்கப் போகிறோம். அம்மாவின் கை எதற்கு?

எடிட்டர் தம்பி (முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

அண்ணே, நீங்கள் சொல்வது அடுத்தவர் கதையைப் பிடுங்கிக்கொண்டு போனவர்களைப் பற்றி. அக்கா சொல்ல நினைப்பது அவருடைய சொந்தக் கதை. இரண்டும் ஒன்றில்லை.

கல்யாண வீடியோ எடுப்பது என் வேலை. ஒரு விஷயம் கவனித்திருக்கிறேன். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த ராத்திரி புதுச்சேரியில் தண்ணீர் நின்றதல்லவா, மறுநாள் எல்லாரும் ஒரே மாதிரி வீடியோ போட்டார்கள். முழங்கால் தண்ணீர், சோகமான பாட்டு. எங்கள் தெருவில் ஓர் அக்கா மட்டும், பீரோவில் கீழ்த்தட்டில் இருந்த பத்திரமும் ரேஷன் கார்டும் எந்த வரிசையில் மேல்தட்டுக்குப் போயின என்று சொல்லிக்கொண்டே காட்டினார். கடைசியில் பரணில் ஏறியது பூனை. பாட்டு இல்லை, அழுகை இல்லை. அதைத்தான் ஊரே பார்த்தது. சோகம் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

துறைமுகத்தான்

பூனை சரி. ஒத்துக்கொள்கிறேன்.

லாஸ்பேட்டை வாத்தியார்

பயிற்சி பற்றிக் கேட்டதால் இதைச் சொல்கிறேன். நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி கூத்து, முடிவில் படுகளமும் தீமிதியும். பாரதப் பிரசங்கியார் சொல்வது கேட்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். ஆனாலும் கூட்டம் உட்கார்ந்திருக்கும். அவர் கண் புத்தகத்தில் இருக்காது. முன்வரிசைக் கிழவி கொட்டாவி விட்டால் உடனே சகுனியை அந்த ஊர் வட்டிக்கடைக்காரர் ஆக்கிவிடுவார். கூத்தில் அந்த வேலை கட்டியக்காரனுடையது. ராஜா வருகிறார் என்று சொல்லிக்கொண்டே ஊர்ப் பஞ்சாயத்தையும் சேர்த்துக் கிண்டல் செய்துவிட்டுத்தான் போவான்.

போன் கொட்டாவி விடாது. சிக்கலே அதுதான். அதனால் வீடியோவுக்கு முன்னால் மூச்சுவிடும் ஆட்களிடம் சொல்லிப் பாருங்கள். விஷயம் தெரிந்த ஒருவர், தெரியாத ஒருவர், அப்புறம் ஒரு குழந்தை. உங்கள் அக்காவோ தங்கையோ "அப்படி நடக்கலடி" என்று திருத்துவார். பக்கத்து வீட்டுக்காரர் "கொட்டை உடைச்சா ரேகை எப்படிப் போகும்?" என்று கேட்பார். தோட்டில் இருக்கும் எண்ணெய் தோலைச் சுடும் என்பது உங்களுக்குத் தெரிந்ததால் சொல்லாமல் விட்டிருப்பீர்கள். குழந்தை "ஏன் வேற வேலைக்குப் போகல?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்கான பதிலைக் கதைக்குள் வைத்துவிடுங்கள்.

எந்த இடத்தில் அவர்கள் கை தன் போனைத் தேடுகிறது என்றும் பாருங்கள். அந்த இடம் தேவையில்லை.

ஈசிஆர் ஓரம் (புதுச்சேரி)

தொண்டு நிறுவனம் ஒன்றில் பயிற்சி கொடுக்கும் வேலையில் இருந்தவள் நான். இதையே தொழிலாகச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் உண்டு. நியூயார்க்கில் 1997-இல் தொடங்கிய தி மாத் என்ற மேடையில், உண்மையில் தனக்கு நடந்ததை, கையில் குறிப்பு இல்லாமல், கூட்டத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். ஹார்வர்டில் பாடம் நடத்தும் மார்ஷல் கான்ஸ் முன்பு கலிஃபோர்னியாவில் பண்ணைத் தொழிலாளர் சங்கத்தில் வேலை செய்தவர். அவர் சொல்லித்தரும் முறையில் என் கதை, நம் கதை, இப்போதைய கதை என்று மூன்று உண்டு. ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு சிக்கல், அதில் ஒருவர் எடுத்த முடிவு, அதனால் விளைந்தது. கேட்கிறவர் மனம் ஒட்டிக்கொள்வது அந்த முடிவு எடுக்கும் இடத்தில்தான் என்கிறார்.

என் பயிற்சி வகுப்புகளில் இது பாதிதான் வேலை செய்தது. "நீங்கள் எடுத்த முடிவு என்ன?" என்று கேட்டால் நம் பெண்கள் விழிப்பார்கள். "நான் எங்க முடிவெடுத்தேன், அவங்க சொன்னாங்க, போனேன்" என்பார்கள். அப்புறம் கேள்வியை மாற்றினேன். "யாரிடமும் கேட்காமல் நீங்களாகச் செய்த ஒரு காரியம் சொல்லுங்கள்." அதற்கு எல்லாரிடமும் ஏதோ ஒன்று இருந்தது. சீட்டு கட்டியது, மகளை டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்த்தது, மாமியாருக்குத் தெரியாமல் ஆட்டுக்குட்டி வாங்கியது.

முந்திரிக்காடு, உங்கள் அம்மாவிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்களேன்.

வில்லியனூர் அக்கா

எல்லாரும் எப்படிச் சொல்வது என்றே பேசுகிறீர்கள். எதைச் சொல்லக்கூடாது என்றும் அந்தப் பிள்ளை கேட்டிருக்கிறது.

எங்கள் சொந்தத்தில் ஒரு பெண், மாமியார் ஆஸ்பத்திரியில் இருந்ததையும் செலவுக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதையும் உருக்கமாக ரீல்ஸில் பேசினாள். பொய் ஒன்றும் இல்லை. ஆயிரக்கணக்கில் ஆறுதல் வந்தது. கொடுக்காத நாத்தனாரின் மகளுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீடியோவை எடுத்த பிறகும் அது குடும்ப குரூப்புகளில் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு வீடும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை.

அதனால் நான் பார்ப்பது இதுதான். கல்யாண மண்டபத்தில் மைக்கைக் கொடுத்து, கதையில் வரும் ஆட்களை முதல் வரிசையில் உட்கார வைத்தால், இதைச் சொல்வேனா? சொல்ல மாட்டேன் என்றால் போனிலும் வேண்டாம். உயிரோடு இருப்பவர் கதை என்றால் அவரிடமே கேட்டுவிட வேண்டும். குழந்தைகள் விஷயம் இன்னும் கவனம். இன்றைக்குச் சிரித்துக்கொண்டு தலையாட்டும் பிள்ளை பத்தாவது படிக்கும்போது வகுப்பில் தலைகுனியக் கூடாது.

ஆறாத காயமாக இருந்தால் நோட்டில் எழுதுங்கள். யாருக்கும் காட்டாமல் தினம் கால் மணி நேரம், இருபது நிமிடம் என்று சில நாட்கள் மனசில் இருப்பதை எழுதினால் பாரம் குறைகிறது என்று அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1980-களிலிருந்தே ஆராய்ந்திருக்கிறார். அந்த எழுத்து உங்களுக்கு. ஊருக்குச் சொல்வது வேறு வேலை.

முந்திரிக்காடு

எல்லாருக்கும் நன்றி. முதல் வடிவம் கீழே. தயவுதாட்சண்யம் பார்க்காமல் சொல்லுங்கள்.

"நான் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். 2011-ஆம் ஆண்டு வீசிய தானே புயல் எங்கள் வாழ்க்கையையே புரட்டிப்போட்டது. எங்கள் முந்திரித் தோப்பில் ஒரு மரம்கூட மிஞ்சவில்லை. ஆனாலும் மனம் தளராமல் உழைத்தோம். இன்று தரமான பருப்பை உங்கள் இல்லம் தேடி அனுப்புகிறோம்."

கெடிலக்கரை

இது பள்ளி ஆண்டு விழா. "புரட்டிப்போட்டது" என்கிறீர்களே, அன்று காலையில் நீங்கள் கண்ணால் பார்த்தது என்ன?

துறைமுகத்தான்

ஒரு மரம்கூட மிஞ்சவில்லையா? புயல் கரையேறியது டிசம்பர் 30. ஜனவரி முதல் வாரம் அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனவன் நான். முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தது உண்மை, ரோட்டில் வண்டி போக வழியில்லை. ஆனால் அங்கொன்றும் இங்கொன்றும் நின்றன. பெரிதாகச் சொன்னால்தான் நம்புவார்கள் என்று நினைக்காதீர்கள். இந்த மாவட்டத்துக்காரன் ஒருவன் பார்த்தால் உடனே கண்டுபிடித்துவிடுவான்.

முந்திரிக்காடு

அண்ணன் சொல்வது சரி. வரப்போரம் ஒரு பலா நின்றது, இப்போதும் காய்க்கிறது.

நேற்று அம்மாவிடம் ஈசிஆர் அக்கா சொன்ன கேள்வியைக் கேட்டேன். நான் எதிர்பார்த்தது வேறு. அம்மா சொன்னது எனக்கே தெரியாது. தோப்பு இருந்தவரை அம்மா ஆள் வைத்து வேலை வாங்கியவர். சாய்ந்த மரத்தை விறகு விலைக்குக் கொடுத்துவிட்டு, புதுக்கன்று வைத்தார்கள். அது பலன் கொடுக்க வருஷக்கணக்கில் ஆகுமே, அதுவரை சாப்பாட்டுக்கு? தை பிறந்ததும் அம்மா யாரிடமும் சொல்லாமல் பக்கத்து ஊர்க் களத்துக்குக் கொட்டை உடைக்கக் கூலிக்குப் போயிருக்கிறார். அங்கே உடைத்தது நம்மூர்க் கொட்டைகூட இல்லை, ஆப்பிரிக்காவிலிருந்து மூட்டையில் வந்தது. வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் முன்பு எங்கள் தோப்பில் கொட்டை பொறுக்கியவர்கள். நான் அப்போது ஹாஸ்டலில் இருந்தேன். எனக்கு ஃபீஸ் மட்டும் வந்துகொண்டிருந்தது.

இதைச் சொல்லலாமா என்று கேட்டேன். "கூலிக்குப் போனதை நல்லா சொல்லு, நான் என்ன திருடவா போனேன்" என்றார். அப்பா சம்பந்தமாக ஒன்று இருக்கிறது, அதை மட்டும் வேண்டாம் என்றார். எடுத்துவிட்டேன். இங்கேயும் எழுதவில்லை.

ஈசிஆர் ஓரம்

அந்த ஒன்றை எடுத்ததால் கதை குறையவில்லை. நீங்களும் இனி அந்தப் பக்கம் போக வேண்டாம். நன்றாக ஓடுகிறதே என்று அடுத்த வீடியோவில் கொஞ்சம், அதற்கடுத்ததில் கொஞ்சம் என்று பலர் உள்ளே இருப்பதையெல்லாம் கொட்டிவிடுகிறார்கள்.

இன்னொன்று. நீங்கள் கேமராவைப் பார்த்துத்தான் பேச வேண்டும் என்பதில்லை. ஸ்டோரிகார்ப்ஸ் என்ற அமைப்பு 2003-இல் நியூயார்க் ரயில் நிலையம் ஒன்றில் சின்ன அறை போட்டு ஆரம்பித்தது. ஒருவரையொருவர் தெரிந்த இரண்டு பேர் உள்ளே போய் 40 நிமிடம் பேசுவார்கள், ஒருவர் கேட்பார், ஒருவர் சொல்வார். உங்கள் மகள் பாட்டியிடம் கேட்கட்டும். நீங்கள் பக்கத்தில் பருப்புத் தோல் எடுத்துக்கொண்டிருங்கள். வெளியே போடுவது ஒரு நிமிடமாகக்கூட இருக்கலாம், மீதி உங்கள் வீட்டில் இருக்கட்டும்.

எடிட்டர் தம்பி

தொழில்நுட்பம் சுருக்கமாக. படம் சுமாராக இருந்தாலும் பார்ப்பார்கள், குரல் கேட்கவில்லை என்றால் தள்ளிவிடுவார்கள். தேவனாம்பட்டினம் பீச்சில் போய் எடுக்காதீர்கள், காற்று மட்டும்தான் கேட்கும். ஃபேனை நிறுத்திவிட்டு, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி உட்காருங்கள். எழுத்தைக் கட்டாயம் கீழே போடுங்கள், பஸ்ஸில் சத்தம் இல்லாமல் பார்க்கிறவர்கள் நிறைய. தானாக வரும் தமிழ் எழுத்து "கொட்டை"யை என்னவெல்லாமோ ஆக்கும், கையால் திருத்துங்கள்.

யூடியூப் ஷார்ட்ஸில் 2024 அக்டோபரிலும் இன்ஸ்டா ரீல்ஸில் 2025 ஜனவரியிலும் மூன்று நிமிடம் வரை விட ஆரம்பித்தார்கள். இடம் இருக்கிறதே என்று இழுக்க வேண்டாம். போட்ட பிறகு எந்த நொடியில் ஆட்கள் விலகினார்கள் என்று ஆப்பிலேயே ஒரு கோடு வரைந்து காட்டும். வாத்தியார் சொன்ன கொட்டாவி அதுதான். லைக்கைப் பார்க்காதீர்கள் அக்கா, சேமித்து வைத்தவர்கள் எத்தனை பேர், அடுத்தவருக்கு அனுப்பியவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள்.

லாஸ்பேட்டை வாத்தியார்

பேச்சை மாற்றாதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செய்தி வாசிப்பவர் தமிழ் வேண்டாம், சினிமாவில் வரும் கிராமத்துத் தமிழும் வேண்டாம். பண்ருட்டிச் சந்தையில் எப்படிப் பேசுவீர்களோ அப்படி.

முந்திரிக்காடு

சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு அக்கா, என் தங்கை, மகள். இப்போது இப்படி வருகிறது. பேசியதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

"எங்க அம்மாவுக்கு ரேஷன் கடை மெஷின்ல விரல் விழாது. ஒவ்வொரு விரலா மாத்தி மாத்தி வெப்பாங்க. பின்னாடி நிக்கிறவங்க உச்சுக் கொட்டுவாங்க. தானே புயலுக்கு மொத நாள் வரைக்கும் அம்மா எங்க தோப்புல ஆள் வெச்சு வேலை வாங்கினவங்க. மரமெல்லாம் சாஞ்சுபோச்சு, வரப்போரம் ஒரு பலா மட்டும் நின்னுது. தை பொறந்ததும் யாருகிட்டயும் சொல்லாம, பக்கத்து ஊரு களத்துக்குக் கூலிக்குக் கொட்டை உடைக்கப் போனாங்க. போனா, அங்க உக்காந்திருக்கறது எங்க தோப்புல வேலை செஞ்சவங்க. யாரும் பேசல. ரெண்டாம் நாள் ஒரு பாட்டி பக்கத்துல வந்து உக்காந்து, தோட்டு எண்ணெய் கையில படாம இருக்க சாம்பல் எப்படித் தடவணும்னு சொல்லிக் குடுத்தாங்க. எங்கம்மாகிட்ட கூலி வாங்கின பாட்டி. அந்தச் சாம்பலத் தடவியும் ரேகை போயிடுச்சு. இந்தப் பாக்கெட்ல இருக்கறது அந்தக் கை உடைச்ச பருப்பு."

கெடிலக்கரை

பாட்டி வரும் இடத்தில் நான் நிறுத்தி மறுபடி படித்தேன். "வாழ்க்கை புரண்டது" என்று நீங்கள் சொல்லவே தேவையில்லை, அந்தச் சாம்பல் சொல்லிவிட்டது.

துறைமுகத்தான்

நன்றாக இருக்கிறது. கடைசி வரியை எடு. அதுவரை மகள், அந்த வரியில் மட்டும் கடைக்காரி.

எடிட்டர் தம்பி

அண்ணே, அது கடைதானே! கடை என்று தெரிந்துதான் பார்க்கிறார்கள். மறைத்துவிட்டு அடுத்த வீடியோவில் விலை சொன்னால்தான் ஏமாற்றின மாதிரி இருக்கும்.

துறைமுகத்தான்

விற்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பாட்டியைத் தராசில் வைக்காதே என்கிறேன்.

வில்லியனூர் அக்கா

பாட்டி இருக்கிறார்களா? அவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டாயா அம்மா?

முந்திரிக்காடு

அவர் தவறிவிட்டார் அக்கா. அவர் மகனிடம் அம்மா போன் போட்டுப் பேசினார். பெயர் சொல்லாமல் இருந்தால் சரி என்றார். பெயர் சொன்னாலும் சரிதான் என்று அவர் மனைவி பின்னாலிருந்து குரல் கொடுத்தாராம். சொல்லவில்லை.

அம்மா இரண்டு திருத்தம் போட்டார். சாம்பல் சொல்லிக்கொடுத்தது இரண்டாம் நாள் இல்லை, முதல் நாளே மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது. அப்புறம், அன்றைக்கு அவர் பாட்டி இல்லை, அம்மாவைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். மாற்றிவிட்டேன். மகள் கேள்வி கேட்க அம்மா சொல்கிற மாதிரியும் ஒன்று எடுத்தோம், அதில் அம்மா இதைவிட நன்றாகச் சொல்கிறார். எதைப் போடுவது என்று வீட்டில் சண்டை நடக்கிறது.

கடைசி வரியை வீடியோவிலிருந்து எடுத்துவிட்டேன், விலை எல்லாம் கீழே எழுத்தில் மட்டும். தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எடிட்டர் தம்பி

கோபம் இல்லை அக்கா. அம்மா பேசுவதைப் போடுங்கள்.

துறைமுகத்தான்

அம்மா பேசுவதை.

வில்லியனூர் அக்கா

பாயசத்துக்கு அரைப் பருப்பு அரைக் கிலோ வேண்டும், வில்லியனூருக்கு அனுப்புவாயா? முழுப் பருப்பு 320 தரம் (ஒரு பவுண்டு எடைக்குச் சுமார் 320 பருப்பு நிற்குமே, அது) இருந்தால் அதிலும் கால் கிலோ.

முந்திரிக்காடு

அரைப் பருப்பு இருக்கிறது அக்கா, நாளைக்கே போட்டுவிடுகிறேன். 320 தீர்ந்துவிட்டது. 240 கொஞ்சம் இருக்கிறது, பருப்பு பெரிசு, விலையும் கூட. புதுக் கொட்டை பங்குனி வாக்கில்தான் வரும். பொறுப்பீர்கள் என்றால் அப்போது 320 எடுத்து வைக்கிறேன்.